பேரிங்தான் போயிருக்கிறது

மேல்மலையனூரிலிருந்து செஞ்சி போகிற சாலையில் எனக்குத் தெரிந்த லேத் பட்டறை ஒன்றில் பழைய பில்லர் டிரில்லிங் மெஷின் நிற்கிறது. கம்பெனித் தகடு எப்போதோ கழன்று விழுந்துவிட்டது. கலப்பைக் கொழு, டிரெய்லர் கொக்கி, கேட் கீல் என்று சுற்றுப்பட்டு ஊர்களுக்கு ஓட்டை போட்டுக் கொடுத்த மெஷின். கொஞ்ச காலமாக உறுமல் சத்தம், 12 மி.மீ. பிட்டைப் பூட்டினால் ஓட்டை அதைவிடப் பெரிதாக விழுந்தது. காயலான் கடைக்காரர் எடைக்குக் கேட்டார். "பாடி நல்லாருக்குது சார், பேரிங்தான் போயிடுச்சி" என்று மேஸ்திரி கொடுக்க மறுத்தார்.

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. வார்ப்பிரும்பு உடம்பு எளிதில் தேயாது, அதிர்வையும் அடக்கும். தேய்ந்தால் மாற்றிக்கொள்ளட்டும் என்றே வைத்த பாகம் பேரிங். பேரிங் போனதற்காக மெஷினையே எடைக்குப் போடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை.

ஆனால் கழற்றுமுன் ஒன்றைச் சோதிக்க வேண்டும். ஸ்பிண்டிலைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால், ஆட்டம் ஸ்பிண்டிலுக்கும் அதைச் சுற்றியிருக்கும் உருளைக்கும் நடுவில் இருக்கிறதா, உருளைக்கும் மெஷின் தலைக்கும் நடுவில் இருக்கிறதா? முன்னது என்றால் பேரிங். பின்னது என்றால் உருளையோ தலையின் துளையோ தேய்ந்திருக்கிறது. எத்தனை பேரிங் மாற்றினாலும் அந்த ஆட்டம் போகாது. டயல் கேஜ் வைத்துப் பார்த்தால் சந்தேகமே இருக்காது.

பேரிங்தான் என்று உறுதியானதும் மின் இணைப்பைப் பிடுங்கி, பெல்ட்டை எடுத்து, சக்கைக் கழற்றியாயிற்று. அடுத்ததுதான் ஆபத்தான வேலை. கைப்பிடியை விட்டதும் ஸ்பிண்டிலை மேலே இழுத்துக்கொள்கிற பட்டை ஸ்பிரிங், தலையின் பக்கவாட்டில் ஒரு மூடிக்குள் முறுக்கேறி உட்கார்ந்திருக்கிறது. நட்டைத் தளர்த்திய கையோடு மூடியை விட்டுவிட்டால் அது சுழன்று விரலைக் கிழித்துவிடும். "கைய மட்டும் எடுத்துடாதீங்க சார்" என்று சொல்லிக்கொண்டே, மூடியை இறுகப் பிடித்து ஒவ்வொரு சுற்றாக விட்டார் மேஸ்திரி. எத்தனை சுற்று என்று சாக்பீஸால் எழுதியும் வைத்தார். திரும்பப் பூட்டும்போது அதே அளவு முறுக்க வேண்டும். பிறகு உருளைக்குக் கீழே கட்டையை முட்டுக் கொடுத்துவிட்டு, கைப்பிடித் தண்டை உருவினார். பல்லிலிருந்து விடுபட்ட உருளை ஸ்பிண்டிலோடு கீழே இறங்கி வந்தது. மேல் நட்டைக் கழற்றி, பித்தளைக் கம்பி வைத்துத் தட்டினால் ஸ்பிண்டில் தனியாக வந்துவிடுகிறது.

கீழ்ப் பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவியதும் எண் தெரிந்தது: 6205. முதல் 6, ஆழமான பள்ளத்தில் குண்டுகள் ஓடும் வகை. 2, அளவு வரிசை. கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள்துளை, 25 மி.மீ. வெளிவிட்டம் 52, அகலம் 15. 04-லிருந்து இந்தக் கணக்கு சரியாக வரும். அதற்குக் கீழே வராது; 03 என்றால் 17 மி.மீ. இந்த அளவுகள் ஐஎஸ்ஓ 15 என்ற உலகத் தரத்தில் இருப்பவை. 1946-ல் தொடங்கிய ஜெய்ப்பூர் என்பிசி செய்தாலும், சுவீடனின் எஸ்கேஎஃப் செய்தாலும் 6205 ஒன்றுதான். செய்தவர் பெயரே தெரியாத மெஷினுக்கும் செஞ்சியிலோ திருவண்ணாமலையிலோ கடையில் கேட்டு உதிரிபாகம் வாங்க முடிகிறதே, ஏழைப் பட்டறைகளுக்கு இதைவிடப் பெரிய உதவியை நான் அறியேன். எஸ்கேஎஃப் பிறந்த கதையும் ஒரு பராமரிப்பு வேலைதான். கோதன்பர்க் நகர நூற்பாலையில் தண்டுகள் நேர்கோடு தவறி, பேரிங்குகள் ஓயாமல் கெட்டுக்கொண்டிருந்தன. அந்த ஆலையின் பொறியாளர் ஸ்வென் விங்க்விஸ்ட் தண்டின் சாய்வுக்கு ஏற்பத் தானே சரிசெய்துகொள்ளும் பேரிங்கை 1907-ல் உருவாக்கினார். அதே ஆண்டில் கம்பெனியும் பிறந்தது.

அன்று அமாவாசை. மேல்மலையனூர்க் கோயில் ஊஞ்சல் உற்சவக் கூட்டத்தில் சாலையே நகராது. மறுநாள்தான் பேரிங் வாங்க முடிந்தது. வாங்கும்போது எண்ணுக்குப் பின்னால் இருப்பதையும் படிக்க வேண்டும். சி3 என்றிருந்தால் உள்ளே இடைவெளி அதிகம். சூடேறும் மோட்டாருக்கு அது நல்லது. டிரில் ஸ்பிண்டிலுக்குச் சாதாரண இடைவெளியே போதும். இரும்புத்தூள் பறக்கிற இடம் என்பதால் இரண்டு பக்கமும் ரப்பர் மூடிய 2ஆர்எஸ் கேட்கலாம். அச்சு மங்கிய அட்டைப்பெட்டியில் பாதி விலைக்கு வருவதைத் தொடவே கூடாது.

புதிய பேரிங்கைப் பாழாக்குவது பெரும்பாலும் சுத்தியல்தான். தண்டில் ஏற்றும்போது உள்வளையத்தில் மட்டும் அழுத்தம் விழவேண்டும். அதற்குப் பொருத்தமான குழாய்த் துண்டு ஒன்று போதும். உருளைக்குள் இறக்கும்போது வெளிவளையத்தில் அழுத்த வேண்டும். மாற்றி அடித்தால் அடி முழுவதும் குண்டுகள் வழியாகப் போய், அவை ஓடுகிற பாதையில் சிறு குழிகள் விழும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஓட்டிய முதல் நாளே காதுக்குக் கேட்கும். மேஸ்திரி குழாயைக்கூட அடிக்கவில்லை, வைஸில் வைத்து மெல்ல நெருக்கினார். புல்லியைத் தாங்கும் மேல் பேரிங்குகளையும் இதே கையோடு மாற்றிவிடுவது நல்லது. அவையும் அதே அளவு ஓடியவைதான்.

எல்லாம் பூட்டியதும் குறைந்த வேகத்தில் அரைமணி நேரம் வெறுமனே ஓட்டி, நிறுத்திவிட்டு, உருளையைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் மேல் நட்டு அதிகமாக இறுகியிருக்கலாம். கொஞ்சம் தளர்த்தி, ஆட்டம் வரவில்லை என்று டயல் கேஜில் பார்த்துவிட்டு, மறுபடி ஓட்டுங்கள்.