தேர்தலுக்கு முன் அண்ணன், பின் கணக்குப்பிள்ளை

மராட்டிய அரசின் ‘லாட்கி பஹின்’ பணம் நம் பகுதிப் பெண்கள் பலர் கைக்கும் வந்தது. வாங்கியதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சோப்புக்கும் செருப்புக்கும் வரி கட்டுகிறவர்கள் நாம். ‘இலவசம்’ என்று கிண்டல் செய்யும் கனவான்களோடு நமக்கு உடன்பாடு கிடையாது. நம் கேள்வி வேறு. இந்த அண்ணன் பாசம் ஏன் 2024 ஜூனில் பிறந்தது?

அந்த ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில் மராட்டியத்தின் 48 இடங்களில் ஆளும் மகாயுதி கூட்டணிக்குக் கிடைத்தது 17. முடிவு வந்தது ஜூன் 4. ஜூன் 28 அன்று நிதியமைச்சர் அஜித் பவார் வாசித்த பட்ஜெட்டில் பெண்களுக்கு மாதம் 1,500 ரூபாய் முளைத்துவிட்டது. ஆண்டுச் செலவு 46 ஆயிரம் கோடி. வருவாய்ப் பற்றாக்குறை 20,051 கோடி என்று அதே பட்ஜெட் சொன்னது. ரட்சாபந்தனுக்கு முன்பே இரண்டு மாதப் பணம் சேர்ந்து வந்தது. தேர்தல் தேதி அக்டோபர் 15இல் அறிவிக்கப்பட்டது. நடத்தை விதி கையைக் கட்டுமுன் நவம்பர் பணத்தையும் முன்கூட்டியே போட்டார்கள். நவம்பர் 20 வாக்குப்பதிவு. கூட்டணியின் மூன்று பெரிய கட்சிகளுக்கும் சேர்த்து 288இல் 230 இடங்கள்!

வித்தை புதிதல்ல. 2023இல் மத்தியப் பிரதேசத்தில் சிவராஜ் சிங் சௌஹான் ஆயிரம் ரூபாயில் தொடங்கி, தேர்தலுக்குள் 1,250 ஆக்கி வென்று காட்டியதுதான். இங்கே எதிரணி மட்டும் சளைத்ததா? 3,000 தருகிறோம் என்று ஏலத்தை ஏற்றிவிட்டது.

நம்மைப் போன்ற வெளியூர்க் குடும்பங்களுக்கு உறுத்துவது காகிதக் கதை. ரேஷன் அட்டையில் ஒரு பெயர் சேர்க்க நாம் எத்தனை நாள் கூலியை இழந்திருக்கிறோம்! 2024 ஜூலையில் பார்த்தால், ஒவ்வொரு கதவாகத் திறந்தது. குடியிருப்புச் சான்று இல்லையா, 15 ஆண்டுக்கு முந்தைய ரேஷன் அட்டையோ வாக்காளர் அட்டையோ போதும். மஞ்சள், கேசரி அட்டைக்கு வருமானச் சான்றே வேண்டாம். வெளிமாநிலத்தில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்ட பெண்ணா, கணவனின் காகிதம் போதும். மனமிருந்தால் அரசாங்கத்தால் முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

ஓட்டு எண்ணி முடிந்ததும் அண்ணன் கணக்குப்பிள்ளை ஆனார். 2,100 ஆக உயர்த்துவோம் என்ற வாக்குறுதியை 2025 மார்ச் பட்ஜெட்டில் தேடினால் காணோம். ஒதுக்கீடு 36 ஆயிரம் கோடியாக இறங்கியது. பற்றாக்குறை 45 ஆயிரம் கோடியைத் தாண்டியது. ஜூனில் 26 லட்சம் பேருக்கு மேல் தகுதியற்றவர்கள் என்று பணம் நிறுத்தப்பட்டது. ஆண்கள் 14 ஆயிரம் பேர் வாங்கியிருந்தார்களாம்! சலிக்காமல் கொட்டியது யார்? செப்டம்பரில் இணையவழி ஆதார் சரிபார்ப்பு வந்தது. கணவர் அல்லது தந்தையின் ஆதாரும் வேண்டுமென்றார்கள். இருவருமே இல்லாதவள் என்ன செய்வாள் என்பது அதிகாரிகளுக்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் பாருங்கள். 2025 மே மாதம் சமூக நீதித் துறையிலிருந்து 410 கோடியும், பழங்குடியினர் துறையிலிருந்து 335 கோடியும் இத்திட்டத்துக்குத் திருப்பப்பட்டன. சமூக நீதி அமைச்சர் சஞ்சய் சிர்சாட்டே பகிரங்கமாக ஆட்சேபித்தார். தாழ்த்தப்பட்ட வீட்டுப் பிள்ளையின் படிப்புக்கும் விடுதிக்கும் உரிய துறை அது. மகன் பங்கை எடுத்துத் தாய்க்குக் கொடுத்துவிட்டு, அதற்குச் சீர்வரிசை என்று பெயர்!

ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் 2,100 எப்போது என்று கேட்பது சரிதான். அதோடு, இதைச் சட்டமாக எழுதச் சொல்லுங்கள்: யாருக்கு, எந்தக் காகிதத்தின் பேரில், நிறுத்தினால் முறையிட எங்கே போவது என்று. பணம் நின்றுபோன பெண்கள் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். மராட்டியில் மனு எழுதத் தெரியாதே என்று தயங்க வேண்டாம். எழுதித் தரச் சங்கத்தில் ஆள் உண்டு. வரும்போது பழைய ரேஷன் அட்டையையும் பாஸ்புத்தகத்தையும் எடுத்து வாருங்கள்.