கட்டத் தெரிந்தவனுக்கு அவிழ்க்கவும் தெரிய வேண்டும்

மக்களே, பி.காம். பிள்ளைகளுக்கு ஜாவா எதற்கு என்று ஓடிவிடாதீர்கள். பொட்டி தட்டுகிறவர்கள் சமாசாரம் மாதிரி தெரிந்தாலும், இது கணக்குப்பிள்ளை சமாசாரம்தான். பேரேட்டின் ஓரத்தில் பென்சிலால் கூட்டிப் பார்த்தால் அதுவும் பதிவாகிவிடுமா? அதுதான் கேள்வி.

தி.நகர் உஸ்மான் சாலையில் ஒரு ஜவுளிக்கடை, அடையாறிலும் மயிலாப்பூரிலும் கிளைகள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பில்லுக்கும் டேட்டாபேஸைப் போய்க் கேட்டால் ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் வரிசை தெருவுக்கு வந்துவிடும். அதனால் விலைப்பட்டியலை மெமரியிலேயே வைத்துக்கொள்வார்கள். இதுதான் கேஷ் (கல்லாப்பெட்டி கேஷ் இல்லை சாமி!).

இனி ஏஓபி. ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் கிரகோர் கிக்சாலெஸ் குழு 1997ல் கட்டுரையாக வெளியிட்ட யோசனை. புரோகிராமில் எழுதாத வேலையை, நடுவில் ஒரு ஆள் நுழைந்து செய்வது போலச் செருகிவிடலாம். ஜேபாஸ்காரர்கள் இதை வைத்து போஜோ கேஷ் கட்டினார்கள். ஒரு ஆப்ஜெக்டை 'அட்டாச்' செய்துவிட்டால், அதன் ஒவ்வொரு ஃபீல்டைத் தொடும்போதும் இந்த நடு ஆள் வழிமறிப்பார். மாற்றத்தைக் கேஷில் எழுதி மற்ற கிளைகளுக்கும் அனுப்பிவிடுவார். முழு ஆப்ஜெக்டையும் மூட்டை கட்டி அனுப்ப வேண்டாம், மாறியது மட்டும் போனால் போதும். நல்ல யோசனை, மறுப்பதற்கில்லை.

வம்பு எங்கே? "பத்து பர்சன்ட் கழிச்சா எவ்வளவுப்பா வரும்?" என்று வாடிக்கையாளர் கேட்கிறார். 4000 ரூபாய் சேலையின் விலையை 3600 என்று மாற்றி, ஒரு மதிப்பீட்டுச் சீட்டு அடிக்கிறது புரோகிராம். சேமி என்று ஒரு வரிகூட கோடில் கிடையாது. ஆனால் அந்த ஆப்ஜெக்ட் கட்டப்பட்டது. அடையாறு கிளையில் அதே ரகச் சேலை அடுத்த பில்லில் 3600க்குப் போகும்.

"அதுக்குத்தான் டிடாச் இருக்கே" என்பார்கள். இருக்கிறது, லட்சணம் பாருங்கள். போஜோ கேஷில் டிடாச் என்றால் அந்த ஆப்ஜெக்டைக் கேஷிலிருந்தே நீக்கிவிட்டுக் கையில் தருவது. பேரேட்டில் ஒரு பக்கத்துக்கு நகல் கேட்டால் பக்கத்தையே கிழித்துக் கொடுக்கிற கதை! நமக்கு ஒரு தனிப்பிரதி வேண்டுமென்றால் மற்ற கிளைகள் பட்டினி.

அதுவும் முழுதாக அவிழுமா? இரண்டு சேலைகளுக்கு ஒரே சப்ளையர் ஆப்ஜெக்ட் என்றால், யார் யார் பிடித்திருக்கிறார்கள் என்று கேஷ் எண்ணி வைத்திருக்கும். ஒரு சேலையை அவிழ்த்தாலும் சப்ளையர் கேஷிலேயே இருப்பார். லிஸ்ட் கதை தலைகீழ். அட்டாச் செய்த பிறகு கேஷ் தரும் பினாமி லிஸ்டைத்தான் தொட வேண்டும். பழைய லிஸ்டில் சேர்த்தது எந்தக் கிளைக்கும் போகாது. எது கட்டியது, எது கட்டாதது என்று பார்வையில் தெரியாது.

ஜேபிஏ மட்டும் ஒழுங்கா? 2006ல் வந்த 1.0வில் கையிலிருப்பதை மொத்தமாக அவிழ்க்க 'கிளியர்' இருந்தது. ஒன்றை மட்டும் அவிழ்க்கும் 'டிடாச்' 2009ல் 2.0வில்தான் வந்தது. கட்டுவதை முதலில் யோசித்தார்கள், அவிழ்ப்பதைப் பிறகு.

பழங்கதை என்று தள்ள முடியாது. 2009ல் இன்பினிஸ்பான் தொடங்கியபோது போஜோ கேஷ் அதனுடன் வரவில்லை, சரி. ஆனால் இன்றைக்கும் ஹைபர்னேட்டில், டிரான்சாக்ஷனுக்குள் எடுத்த ஆப்ஜெக்டில் ஒரு மதிப்பை மாற்றினால், சேமிக்கச் சொல்லாமலே கமிட்டில் டேட்டாபேஸுக்குப் போய்விடும். அங்கே பழைய மதிப்போடு ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கிறார்கள். வழி வேறு, வம்பு ஒன்றுதான்.

இதில் கணக்குப் படிக்கிறவர்கள் கவலைப்பட வேண்டிய இடம் ஒன்று உண்டு. 4000க்குப் பதில் 3600 என்று பில் போட்டால் பற்றும் 3600, வரவும் 3600. இருப்பாய்வு ஜம்மென்று சரியாக வரும், தப்பைக் காட்டிக்கொடுக்காது. கடைசியில் மாட்டுவது பில் போட்ட பையன். "சிஸ்டம்தான் சார் காட்டுச்சு" என்றால் யார் நம்புவார்கள்?

செய்ய வேண்டியது ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. படிக்கக் கேட்டால் கட்டில்லாத பிரதியைக் கொடு. 'கேஷிலிருந்து நீக்கு' வேறு, 'கட்டை அவிழ்' வேறு என்று இரண்டு கட்டளை வை. எழுதுவதாக இருந்தால் எழுதச் சொல்லிக் கேட்டு எழுது. டூலில் இதெல்லாம் இல்லையா? கணக்குப் பார்க்கும் முன் சாதாரண ஆப்ஜெக்டில் ஒரு நகல் எடுத்துக்கொள். பிரதி எடுத்தால் கொஞ்சம் மெமரி செலவு, எடுக்காவிட்டால் சேலைக்கு 400 ரூபாய் செலவு.

எல்லாம் 'டிரான்ஸ்பரன்ட்' என்று பெருமை பேசுகிறார்கள். கண்ணாடிக் கதவும் டிரான்ஸ்பரன்ட்தான். நெற்றியில் இடித்துக்கொண்டவனைக் கேளுங்கள், பெருமையைச் சொல்வான்.