விலாசம் தமிழிலும் வேண்டும்

தூத்துக்குடியை ஆங்கில எழுத்தில் எப்படி எழுதுவது என்பதில் நமக்கு இன்றளவும் ஒருமித்த அபிப்பிராயம் இல்லை. ‘எச்’ எத்தனை, ‘ஓ’ இரண்டா ‘யு’ ஒன்றா, ‘கே’ ஒன்றா இரண்டா என்று கேட்டால், காஸ்டிக் சோடா ஆலைக்காக எழுந்த சாகுபுரத்தில் ஒருவர் சொல்வதைப் பக்கத்து ஆறுமுகநேரியில் இன்னொருவர் ஒப்பமாட்டார். 2020இல் தமிழக சர்க்கார் 1,018 ஊர்ப்பெயர்களைத் தமிழ் உச்சரிப்புக்கு இணங்க ஆங்கிலத்தில் எழுதும்படி உத்தரவிட்டு, சில நாட்களிலேயே அதை வாபஸ் பெற்றுக்கொண்டதும் நினைவிருக்கலாம்.

தபால்காரர் எந்த எழுத்துக்கூட்டலையும் அனுசரித்துக் கடிதத்தைச் சேர்த்துவிடுவார். கணினிக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது. இணைய விலாசம் ஒன்றைத் தட்டியதும், ‘ஏ’ முதல் ‘எம்’ வரை 13 பெயர்களில் உலகெங்கும் பரவிக்கிடக்கும் மூல சர்வர்களில் ஒன்றிடம் விலாசத்தின் கடைசிப் பகுதிக்கு யார் பொறுப்பு என்று கேட்டு, அது காட்டும் இடத்தில் அதற்கு முந்திய பகுதியை விசாரித்து, இவ்விதம் பின்னிருந்து முன்னாக நகர்ந்து, முடிவில் ஓர் எண்ணைப் பெற்றே அது தன் வழியைக் கண்டுகொள்கிறது. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வகுத்த இவ்வேற்பாடு இன்றும் அடிப்படையில் மாறவில்லை. ஆயின் ஓரட்சரம் பிசகினால் அப்படியொரு பெயரே இல்லையென்று கைவிரித்துவிடும். பிசகிய பெயரை வஞ்சகன் எவனேனும் முன்கூட்டிப் பதிந்துவைத்திருந்தாலோ, மின்கட்டணம் கட்டப் போனவர் அவன் வாசலில் போய் நிற்பார்.

தமிழில் தூத்துக்குடிக்கு எழுத்துக்கூட்டல் ஒன்றே. 2007இல், இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகேன் ஸ்தாபனம் 11 பாஷைகளில் நடத்திய பரிசோதனையில் ‘உதாரணம்.பரிட்சை’ என்ற தமிழ் விலாசமும் இருந்தது, 2010இல் ‘.இலங்கை’யும், மறுவருஷம் ‘.இந்தியா’வும் ‘.சிங்கப்பூர்’ என்பதும் மூலப் பட்டியலில் ஏறின. முத்துக்குளித்த மன்னார் வளைகுடாவின் அடியில் தூத்துக்குடியையும் கல்கிசையையும் 2006இல் இணைத்த கடலடிக் கம்பிக்கு, இவ்வாறு இரு கரையிலும் தமிழ்ப் பெயர் கிடைத்துவிட்டது. எனினும் நம் அலுவலக விலாசங்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்திலேயே நிற்கின்றன.

தமிழ் விலாசமும் உள்ளே ரோமன் எழுத்துக் கோவையாக மாற்றப்பட்டே பயணம் செய்கிறது, ஆகவே அது வெறும் வேஷந்தானே என்பார் உண்டு. உள்ளே ஓடுவது எதுவாயினும், தட்டுகிற விரலுக்கு அதனால் நஷ்டமில்லை. ‘ஔ’ என்ற ஓரெழுத்தும் ‘ஒள’ என்ற ஈரெழுத்தும் கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றி ஏமாற்றும் என்பதுதான் நியாயமான ஆட்சேபம். அதைப் பெயர் பதிகிற இடத்திலேயே விதி வகுத்துத் தடுக்க முடியும். ஆங்கில விலாசத்தைக் கைவிடவும் அவசியமில்லை. ஒரே எண்ணுக்கு இரண்டு பெயர் இருப்பதை இந்த ஏற்பாடு தாராளமாக அனுமதிக்கிறது. ஆட்சியர் அலுவலகமும் திருச்செந்தூர் தாலுகா அலுவலகமும் தத்தம் பெயரைத் தமிழில் பதிந்து, பலகையிலும் ரசீதிலும் அச்சிட்டால் ஆரம்பத்துக்கு அது போதும்.