தனியாகச் சாப்பிடுவது தலைக்கனமா?

ஆபீசில் ஒருவர் பொய் பில் போடலாம். பத்து மணிக்கு வந்து பதினோரு மணி வரை பேப்பர் படிக்கலாம். அடுத்தவர் செய்த வேலையில் தன் பேரைப் போட்டுக்கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் மன்னிப்பு உண்டு. ஆனால் மதியம் ஒரு மணிக்கு டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு தனியாக ஒரு மூலையில் போய் உட்கார்ந்தால்? தீர்ந்தது கதை. "ரொம்பத் தலைக்கனம் அவனுக்கு." "யார்கூடவும் ஒட்ட மாட்டா, வீட்ல ஏதோ பிரச்சினை போல." அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் எந்தப் பக்கத்திலும் இல்லாத ஒரு நிபந்தனையை அவர்கள் மீறிவிட்டார்களாம்: எப்போதும் கும்பலோடு இரு!

வெறும் கிண்டலோடு நின்றால் போகட்டும் என்று விட்டுவிடலாம். நிற்பதில்லையே! வருடக் கடைசியில் அப்ரைசல் வரும்போது இந்தக் கிண்டல் கோட் சூட் போட்டுக்கொண்டு 'டீம் பிளேயர் இல்லை' என்று வந்து உட்காருகிறது. கொடுத்த வேலையை நேரத்துக்கு முடித்தவர், தப்பில்லாமல் முடித்தவர். ஆனால் பர்த்டே கேக் வெட்டும்போது கைதட்டவில்லை. வெட்டு இன்க்ரிமென்ட்டை!

கேட்டால் தத்துவம் பேசுவார்கள். சேர்ந்து பழகினால்தான் வேலை நடக்குமாம். பி.காம். படிக்கிற எல்லோருக்கும் இந்தத் தத்துவத்தின் ஊர் தெரியும். சிகாகோ பக்கத்தில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனியின் ஹாதார்ன் தொழிற்சாலை. 1924-ல் ஆரம்பித்த ஆராய்ச்சி, எல்டன் மேயோ, மனித உறவுகள் கொள்கை... பத்து மார்க் கேள்வி. தொழிலாளிக்குச் சம்பளத்தை விடத் தான் ஒரு குழுவில் இருக்கிறோம் என்ற உணர்வுதான் முக்கியம் என்று எழுதி மார்க் வாங்கிவிட்டுப் போய்விடுகிறோம்.

ஆனால் அதே தொழிற்சாலையில் 1931-32ல் இன்னொரு அறையிலும் ஆராய்ச்சி நடந்தது. டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் கருவிகளுக்கு ஒயர் இணைக்கும் அறை. 14 ஆண்கள். நல்ல நெருக்கமான கோஷ்டி. அந்தக் கோஷ்டி என்ன செய்தது? ஒரு நாளைக்கு இவ்வளவுதான் வேலை என்று தானே ஓர் அளவு வைத்தது. அதைத் தாண்டியவனுக்குப் பட்டப்பெயர் வைத்தது. அதற்கும் அடங்காவிட்டால் புஜத்தில் ஓங்கி ஒரு குத்து! வேகமாகச் செய்தால் நிர்வாகம் கூலி விகிதத்தைக் குறைத்துவிடும் என்ற பயம் அவர்களுக்கு. அந்தப் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தக் குத்து கூட்டத்தின் இன்னொரு முகம். சேர்த்துக்கொள்ளத் தெரிந்த கூட்டத்துக்கு விலகுகிறவனை அடிக்கவும் தெரியும். இன்று கையால் குத்துவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுத்தது சுவர் இடிப்புக் கோஷ்டி. தடுப்புகளை எடுத்துவிட்டு எல்லோரையும் ஒரே ஹாலில் கொட்டினால் மனம் விட்டுப் பேசுவார்கள் என்று நம்பிப் பல கம்பெனிகள் அப்படியே செய்தன. ஹார்வர்டைச் சேர்ந்த இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 2018-ல் வெளியிட்ட ஆய்வு என்ன சொன்னது தெரியுமா? இரண்டு பெரிய அமெரிக்கக் கம்பெனிகளில் இப்படி மாற்றியபிறகு நேருக்கு நேர் பேசுவது சுமார் 70 சதவீதம் குறைந்துபோனது. பக்கத்து மேஜைக்காரருக்கே மெயில் அனுப்ப ஆரம்பித்தார்கள். ஒளிய இடமில்லாத மனுஷன் ஹெட்போனுக்குள் ஒளிந்துகொள்கிறான்.

சரி, அமெரிக்காவை விடுங்கள். நம்மூர் ஆபீசுக்கு வருவோம்.

இங்கே 'எல்லோரும் சேர்ந்து' என்பதில் அந்த 'எல்லோரும்' யார்? நாலு மணிக்கு டீக்கடையில் ஒரு கூட்டம் கூடும். யாருக்கு எந்த வேலை, யாருக்கு அடுத்த பிரமோஷன் என்பதெல்லாம் பாதி அங்கேதான் முடிவாகிறது. கையில் சிகரெட்டோடு பத்து ஆண்கள் நிற்கும் அந்த இடத்துக்கு ஒரு பெண் போனால் ஒரு பேச்சு. போகாவிட்டால் 'கலந்து பழகமாட்டா'. புதிதாகச் சேர்ந்த பையன் முதல் சம்பளத்தில் ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டு மிச்சத்தை எண்ணிக்கொண்டு இருப்பான். அவனிடம் கல்யாணத்துக்கு மொய், கேக்குக்கு வசூல், 'ட்ரீட் எப்போ?' இல்லை என்று சொல்லக் கூச்சப்பட்டு விலகி நிற்கிறான். கஞ்சன் என்ற பட்டம் இலவசம்.

அதை விடப் பெரிய விஷயம் டிபன் பாக்ஸ். பகிர்ந்து உண்பது தமிழன் பண்பாடு என்று உடனே மைக் பிடிப்பார்கள். கொடுக்கிறவர் தானாகக் கொடுத்தால் அது பகிர்தல். 'என்ன கொண்டுவந்திருக்கே, தொற பாப்போம்' என்பது சோதனை! நம் ஊரில் ஒருவரின் சாப்பாட்டை வைத்து அவர் சாதியையும் வசதியையும் கணக்குப் போடத் தெரிந்தவர்கள் எவ்வளவு பேர் என்று எல்லோருக்கும் தெரியும். கறி வாசனைக்கு முகம் சுளிக்கும் மேஜையில் உட்காருவதை விட மூலையில் நிம்மதியாக இரண்டு வாய் சாப்பிடலாம் என்று ஒருவர் நினைத்தால், தலைக்கனம் யாருக்கு? மூலைக்கா, மேஜைக்கா?

ஆபீஸ் நட்பே கூடாது என்று இங்கே யாரும் சொல்லவில்லை. நள்ளிரவில் அப்பாவுக்கு ரத்தம் தேவை என்றால் முதலில் ஓடிவருவது பக்கத்து சீட்டுக்காரர்தான். எட்டு மணி நேர வேலை என்பதையே தொழிலாளர்கள் கூட்டமாக நின்றுதான் வாங்கினார்கள். 1923-ல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே தினக் கூட்டம் நடத்தியதும் அந்த வழியில்தான். ஆனால் அத்தனை பேர் சேர்ந்து போராடியது எதற்காக? வேலை போக மிச்ச நேரமாவது அவரவருக்குச் சொந்தமாக இருக்கட்டும் என்றுதானே? 1948-ல் வந்த தொழிற்சாலைச் சட்டம் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஒரேயடியாக வேலை வாங்காதே, நடுவில் அரை மணியாவது ஓய்வு கொடு என்றது. ஓய்வு என்றுதான் எழுதினார்கள். கூட்டாஞ்சோறு என்று எழுதவில்லை.

தனிமைக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் வழக்கமாக இந்த இடத்தில் ஒரு மேதையைக் கூட்டி வருவார்கள். நமக்கும் ஒருவர் இருக்கிறார். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகக் கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்குச் சேர்ந்த குமாஸ்தா, ராமானுஜன். அந்த ஆபீசில் அவருக்கு வாய்த்த துணை தலைமைக் கணக்கர் நாராயண ஐயர், தானும் கணிதம் அறிந்தவர். சரியான ஒரு துணை போதும், ஆபீஸ் முழுக்கத் தோளில் கை போட வேண்டியதில்லை என்று இதை வைத்து வாதாடலாம்.

ஆனால் அந்த வாதத்திலும் ஓர் ஓட்டை இருக்கிறது. மூலையில் சாப்பிடுகிற எல்லோரும் ராமானுஜன் இல்லை. இருக்கவும் வேண்டாம். தலைவலி, அம்மாவிடம் போனில் பேச வேண்டும், பாதியில் நிற்கிற நாவலை முடிக்க வேண்டும், இல்லை சும்மா ஜன்னல் வழியாக மரத்தைப் பார்க்க வேண்டும். இந்தக் காரணங்களே தாராளம். தனியாக இருக்க மேதை சர்ட்டிபிகேட் கேட்கிற உலகம், கும்பலோடு அரட்டை அடிக்கிறவரிடம் என்றைக்காவது சர்ட்டிபிகேட் கேட்டிருக்கிறதா?

கம்பெனி சம்பளம் கொடுத்து வாங்குவது ஒருவரின் உழைப்பை. சிரிப்பை, ரகசியத்தை, சாப்பாட்டு நேரத்தை இல்லை. அடுத்த முறை கேன்டீனில் மூலை மேஜையில் ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்தால் 'வர்றீங்களா?' என்று ஒரு தடவை கேளுங்கள், அது மரியாதை. 'இல்லைங்க' என்றால் சிரித்துவிட்டு நகருங்கள். அதுவும் மரியாதைதான்.