சலூன் கடைவீதியில் இருக்கட்டும், காலனிக்குள் வேண்டாம்

ஊர்க் கடையில் தலித் இளைஞருக்கு முடி வெட்ட மறுக்கிறார்கள் என்று புகார் போனால், சமாதானம் பேச வருகிறவர்கள் சொல்லும் யோசனை ஒன்று உண்டு. "உங்க பையன் ஒருத்தனே தொழில் கத்துக்கிட்டு காலனியில கடை வெச்சுக்கட்டுமே." கேட்க நியாயம் போலத் தோன்றும். உண்மையில் இது இரட்டைக் குவளைதான். குவளைக்குப் பதில் நாற்காலி. மறுத்த கடை மறுத்தபடியே நடக்கும், புகார் மட்டும் முடிந்துபோகும்.

சொந்தக் கடை வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்தில்லை. அது எங்கே இருக்க வேண்டும், யாருக்காக என்பதில்தான் நாம் ஏமாந்துவிடக் கூடாது.

1948 நவம்பர் 29 அன்று அரசியல் நிர்ணய சபையில், சென்னை மாகாணத்திலிருந்து சென்ற எஸ்.நாகப்பா, 'கடை' என்ற சொல்லில் சலூனும் அடங்குமா என்ற சந்தேகத்தை எழுப்பினார். சேவை அளிக்க முன்வரும் எவருடைய இடமும் அதில் அடங்கும் என்று அம்பேத்கர் விளக்கினார். உள்ளே நுழைய விடுவது மட்டும் போதாது, சேவையும் கிடைக்க வேண்டும் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். அதுவே இன்று அரசியலமைப்பின் 15(2). பிறகு வந்த 1955ஆம் ஆண்டு குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 6ஆவது பிரிவு, தீண்டாமையின் பேரில் சேவை மறுப்பதைக் குற்றமாக்கியது.

மறுக்கும் நாவிதரைப் பகையாளியாகப் பார்ப்பதில் பயனில்லை. பல ஊர்களில் அவரும் ஆதிக்கச் சாதியின் கட்டுப்பாட்டுக்குப் பயந்தவர்தான். ஆனாலும் பயம் சட்டத்தின் முன் சமாதானம் ஆகாது.

ஏற்காட்டுக்கு வருவோம். கிராமத்துக் கடையில் உட்காருகிறவர் யார் வீட்டுப் பிள்ளை என்று எல்லோருக்கும் தெரியும். மலைமேல் அப்படியல்ல. சுற்றுலாப் பயணி, விடுதிப் பள்ளி மாணவர், காபி எஸ்டேட் தொழிலாளி, நாகலூரிலிருந்தும் செம்மநத்தத்திலிருந்தும் இறங்கி வரும் மலையாளி பழங்குடியினர் என எல்லோரும் ஒரே கடைவீதியில்தான் நடக்கிறார்கள். எஸ்டேட் லயன் வீட்டிலிருந்து வரும் நம் பிள்ளை ஒருவன் அங்கே கடை போட்டு, வாசலில் எல்லோருக்கும் ஒரே விலைப் பலகை மாட்டினால், அந்தக் கடை ஒரு சமூகத்தின் கடையாகச் சுருங்காது. கோடை விழாக் கூட்டத்தை மட்டும் நம்பி வாடகை பேசிவிடக் கூடாது. மழை மாதங்களில் தெரு காலியாக இருக்கும். முதலில் ஓராண்டாவது சேலத்தில் வேறொரு கடையில் வேலை செய்து கை பழகிக்கொள்வது நல்லது.

பணம்? 2023இல் தமிழக அரசு கொண்டுவந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 35 விழுக்காடு மூலதன மானியம் உண்டு. வங்கிக் கடனுக்கு 6 விழுக்காடு வட்டி மானியமும் உண்டு. விண்ணப்பம் மாவட்டத் தொழில் மையம் வழியாகப் போகிறது. நாற்காலி, கண்ணாடி, டிரிம்மர், வெந்நீர் ஹீட்டர் என ஒவ்வொன்றுக்கும் விலைப்புள்ளி வாங்கி, திட்ட அறிக்கையோடு போங்கள். வெறுங்கையோடு போனால் அலைய விடுவார்கள்.

கடை திறந்த பின், "அவன் கடைக்கு யாரும் போகாதீங்க" என்று ஊரில் சொன்னால்? வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்த திருத்தம், சமூகப் புறக்கணிப்பையும் பொருளாதாரப் புறக்கணிப்பையும், அப்படி மிரட்டுவதையும்கூடக் குற்றம் என்கிறது. தண்டனை 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை. யார், எந்தத் தேதியில், யார் முன்னிலையில் சொன்னார்கள் என்பதை அன்றைக்கே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். காவல் நிலையத்தில் முதலில் கேட்பது அதைத்தான்.