முதுகில் தட்டாதீர்கள்!

"நிமிர்ந்து உட்காரடா!"

பாடம் படிக்கும் பையனின் முதுகில் ஒரு தட்டு. பையன் நிமிருவான். ஐந்து நிமிடத்தில் மறுபடியும் குனிந்துவிடுவான். "சோம்பேறி" என்று திட்டுகிறோம்.

அது சோம்பல்தானா? கிட்டப்பார்வை அதிகமாக இருந்தால் புத்தகத்தை நெருங்கினால்தான் எழுத்து தெரியும். கண் கேட்கிறது, முதுகு வளைகிறது. அடி விழுவதோ முதுகுக்கு!

சில குழந்தைகள் தலையை ஒரு பக்கம் சாய்த்தே பார்க்கும். "என்ன ஒயில்!" என்று பாட்டி கொஞ்சுவாள். போட்டோவில்கூட அதே சாய்வு. ஒயில் அல்ல அது. கண்ணை அசைக்கும் தசை ஒன்று பலவீனமாக இருந்தால், ஒரு பொருள் இரண்டாகத் தெரியும். தலையைச் சாய்த்தால் ஒன்றாகிவிடும். குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. சாய்த்துக்கொள்ளத் தெரியும்.

பெரியவர்கள் மட்டும் என்ன? பைபோகல் கண்ணாடியில் படிக்கும் பகுதி கீழே இருக்கிறது. கம்ப்யூட்டர் திரையோ கண்ணுக்கு நேரே! நாள் முழுவதும் மோவாயைத் தூக்கியே பார்த்தால் கழுத்து வலிக்காதா? தைலம் தேய்ப்பதைவிடத் திரையைத் தாழ்த்தி வைப்பது மேல்.

புத்தகம் கண்ணிலிருந்து ஓர் அடிக்கு மேல் தள்ளி இருக்க வேண்டும். சொல்லியும் குனிகிற பிள்ளையைக் கண் டாக்டரிடம் காட்டுங்கள். அரசு ஆஸ்பத்திரியிலேயே பார்க்கலாம். 20 அடி தூரத்தில் உள்ள எழுத்து அட்டையைப் படிக்கச் சொல்வார்கள். ஊசி கிடையாது.