இது கேலியா, அறிவிப்பா?

ஞாயிறு மாலை. சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் தேக்கா நிலைய உணவங்காடியில் உட்கார இடம் கிடைப்பதே பெரும்பாடு. எதிரே தே குடித்துக்கொண்டிருந்த பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கட்டுமான ஊழியர், கைப்பேசியை என் பக்கம் நகர்த்தினார். "அண்ணே, இது நெசமா?"

சிராங்கூன் சாலை நடைபாதையில் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்பவர்களிடம் கட்டணம் வசூலிக்கப்படும் என்றது வாட்ஸ்அப்பில் வந்த அந்தப் படம். தேடிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் யாரோ எழுதிய அரசியல் கேலி அது. நின்றபடி வாக்குக் கேட்கும் அரசியல்வாதிகளுக்குக் கட்டண விலக்கு உண்டு என்ற கடைசி வரியில்தான் குத்தல் இருந்தது. தமிழாக்கியவர் அந்த வரியை வெட்டிவிட்டு மீதியை அனுப்பியிருந்தார்.

இதை நண்பர்களிடம் சொன்னபோது வந்த பதில் இதுதான்: "படிக்காதவங்க அப்படித்தான் ஏமாறுவாங்க. கேலி புரியிறதுக்குக் கொஞ்சம் அறிவு வேணும்." நம்மில் பலர் இப்படித்தான் பேசுகிறோம். இந்தப் பேச்சு தவறு. அந்த ஊழியருக்கு இழைக்கும் அநீதியும்கூட.

அவர் வாழ்ந்த வாழ்க்கையை எண்ணிப் பாருங்கள். 2022 ஜூன் 24 முதல், விடுதிகளில் தங்கியிருந்த வெளிநாட்டு ஊழியர்கள் ஞாயிற்றுக்கிழமையும் பொது விடுமுறையிலும் லிட்டில் இந்தியா, சைனாடவுன், கேலாங் சிராய், ஜூரோங் ஈஸ்ட் ஆகிய நான்கு இடங்களுக்குப் போக முன்கூட்டியே விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டியிருந்தது. நாளுக்கு 80,000 பேர் வரை என்று வரம்பும் இருந்தது. அதற்கும் முன்னால், 2013 டிசம்பர் 8 லிட்டில் இந்தியா கலவரத்துக்குப் பின் வந்த மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம், 2015 ஏப்ரல் முதல் இதே வட்டாரத்துக்கு வார இறுதியில் மற்ற இடங்களைவிடக் கடுமையான விதிகளை வைத்தது. காரணங்கள் இருந்திருக்கலாம், அது வேறு விவாதம். தேக்காவுக்கு வந்து மளிகை வாங்கவே கைப்பேசியில் அனுமதி கேட்டுப் பழகியவர், நிற்பதற்குக் கட்டணம் என்றால் ஏன் நம்பக்கூடாது? தன் அனுபவத்தை வைத்துத்தான் அவர் கணக்குப் போட்டார். அந்தக் கணக்கில் பிழையே இல்லை.

படித்தவர் ஏமாறுவதில்லை என்பதாவது உண்மையா? 2012 நவம்பரில் அமெரிக்காவின் 'தி ஆனியன்' கேலிப் பத்திரிகை, வடகொரியத் தலைவர் கிம் ஜோங் உன்தான் அந்த ஆண்டின் மிகக் கவர்ச்சியான ஆண் என்று எழுதியது. சீனாவின் 'பீப்பிள்ஸ் டெய்லி' இணையதளம் அதை மெய்யென்று எடுத்துக்கொண்டு, 55 படங்களோடு வெளியிட்டது. நம் ஊரிலேயே 2015 மார்ச் 18 அன்று, லீ குவான் இயூ காலமானார் என்று பிரதமர் அலுவலக இணையப்பக்கத்தைப் போலவே ஒரு மாணவர் ஒட்டுவேலை செய்த படத்தை சிஎன்என் உட்பட உலகச் செய்தி நிறுவனங்கள் நம்பி அறிவித்துவிட்டுப் பின்வாங்கின. அவர் மறைந்தது 23ஆம் தேதி. அந்தப் படம் கேலி இல்லை, பொய்தான். ஆனால் செய்தியைச் சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் தடுமாறும்போது, பன்னிரண்டு மணி நேர வேலை முடித்து லாரியில் திரும்புகிறவரை மட்டும் மூடர் என்பது எந்த ஊர் நியாயம்?

"அப்படியானால் மேலே 'அங்கதம்' என்று ஒரு முத்திரை குத்திவிட்டால் போயிற்று" என்பது அடுத்த வாதம். முத்திரையைத்தான் முதலில் வெட்டுகிறார்கள். அதுகூடப் பரவாயில்லை, முத்திரை குத்தினால் சில கேலிகள் பிறக்கவே முடியாது. 2006 பொதுத்தேர்தலின்போது அப்பட்டமான அரசியல் வலையொலிகளுக்கு அனுமதி இல்லை. மிஸ்டர் பிரவுன் என்ற வலைப்பதிவர் லீ கின் முன், 'விடாப்பிடியாக அரசியல் பேசாத' வலையொலி என்று பெயர் சூட்டி ஒன்றை வெளியிட்டார். பாக் சோர் மீ நூடுல்ஸ் கடைக்காரரும் வாடிக்கையாளரும், ஈரல் வேண்டாமென்று சொன்னாரா இல்லையா என்று மல்லுக்கு நிற்கிறார்கள், அவ்வளவுதான். பாட்டாளிக் கட்சி வேட்பாளர் ஜேம்ஸ் கோமெஸ் தேர்தல் துறையில் படிவம் கொடுத்தாரா இல்லையா என்ற சர்ச்சையைப் பின்தொடர்ந்தவர்களுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. தெரியாதவர்களுக்கு அது வெறும் சாப்பாட்டுச் சண்டை.

இது நமக்குப் புதிதும் அல்ல. அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார், அவனுடைய படைக்கலங்கள் மயிற்பீலி சூடி, நெய் பூசி, காவல் மிக்க மாளிகையில் இருப்பதையும், தம் தலைவனின் வேல்கள் நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடப்பதையும் பாடுகிறார். புறநானூறு 95. போர் காணாத ஆயுதம் என்ற ஏளனம் நமக்கு உடனே உறைக்கிறது. ஏன்? யார், யாரிடம், எந்த இடத்தில் பாடியது என்ற குறிப்பைப் பாட்டின் அடியில் எழுதி வைத்துப் பாதுகாத்தார்கள். அதை நீக்கிவிட்டுப் படித்தால் ஓர் அரசனின் ஆயுதக் கொட்டிலுக்குப் பாடிய வாழ்த்தாகவே தோன்றும். வஞ்சப்புகழ்ச்சி என்று அணிக்குப் பெயர் வைத்த நம் முன்னோர், அந்தக் குறிப்பையும் விடாமல் ஏட்டில் ஏற்றினார்கள். நாமோ விரல் நகர்த்தும் நேரத்தில் அதைக் கழற்றி எறிகிறோம்.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்பவர்களும் உண்டு. 2019இல் இணையப் பொய்ச் செய்திகளுக்கு எதிரான பொஃப்மா சட்டம் வந்தபோது, கருத்து, விமர்சனம், அங்கதம், பகடி ஆகியவை அதில் சேரா என்று அரசாங்கம் தெளிவுபடுத்தியது. நல்லது. நியாயமான மனிதர் ஒருவர் அதை உண்மைத் தகவலாகக் கொள்வாரா என்பதே அந்தச் சட்டத்தின் அளவுகோல். ஆனால் அது பரப்புகிறவரின் பொறுப்பை அளக்கும் கோல். வாட்ஸ்அப்பில் வந்ததை வாசிக்கும் அந்த நிமிடத்தில் யாருக்கும் துணைக்கு வராது.

எனவே கேள்வியை ஏமாந்தவரிடம் கேட்காதீர்கள். வெட்டி அனுப்பியவரிடம் கேளுங்கள். அவர்தான் மூலத்தைப் பார்த்தவர், கடைசி வரி தெரிந்தவர்.

அன்று நான் அந்த வரியைத் தமிழில் சொன்னேன். அவர் ஒரு கணம் என்னையே பார்த்தார். பிறகு தே குவளை ஆடும்படி மேசையைத் தட்டிச் சிரித்தார். உடனே கைப்பேசியை எடுத்து, அந்தப் படம் வந்த குழுவுக்கே கட்டைவிரலால் தட்டச்சு செய்தார்: "மாப்ள, இது வெளையாட்டு. கடைசி வரிய வெட்டிட்டானுவ. நின்னு ஓட்டுக் கேக்குறவங்களுக்குக் காசு கெடையாதாம்."